லிட்ரேச்சரும் அதபும்: இலக்கியச் சொற்களுக்கு ஓர் அறிமுகம்

உருதுப் புத்தகக் கடை ஒன்றில் அலமாரிக்கு மேலே 'பச்சோன் கா அதப்' என்று எழுதியிருந்தால், அங்கே இருப்பவை குழந்தை இலக்கிய நூல்கள். அதே மொழியில் ஒரு தாய் தன் பிள்ளையிடம் 'படோன் கா அதப் கரோ' என்றால், பெரியவர்களுக்கு மரியாதை கொடு என்று பொருள். இரண்டு இடத்திலும் சொல் ஒன்றே. அகராதியைத் திறந்து 'அதப் என்றால் லிட்ரேச்சர், லிட்ரேச்சர் என்றால் இலக்கியம்' என்று ஒரு வரியில் மனப்பாடம் செய்துகொண்டவர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

இலக்கியம் தொடர்பான ஆங்கிலச் சொற்களையும் உருதுச் சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்குபவருக்கு இந்தக் கட்டுரை. உருதுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ப, த, க ஆகியவை மெல்லொலியாகவும் வரும். 'அதப்' என்பதன் கடைசி எழுத்தை 'அப்பா'வின் ப் போலச் சொல்லாமல் 'கம்பம்' என்பதில் வரும் ப போலச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு முஸ்லிம் வீடுகளில் 'அதபு' என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. 'பெரியவங்ககிட்ட அதபா நடந்துக்க' என்பதில் வருவது இதே சொல்தான். ஆனால் அங்கே ஒழுக்கம், மரியாதை என்ற பழைய பொருள் மட்டும் தங்கிவிட்டது. உருதுவில் அதன்மேல் இலக்கியம் என்ற பொருளும் ஏறியது.

எழுத்திலிருந்து வந்த சொல்

ஆங்கில லிட்ரேச்சரின் வேர் லத்தீன் 'லித்தெரா'. அதற்கு அகரவரிசையில் உள்ள ஓர் எழுத்து என்று பொருள். லெட்டர், லிட்டரல், லிட்டரேட், லிட்டரசி எல்லாம் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஆங்கிலத்தில் லிட்ரேச்சர் நீண்ட காலம் நூல்களைக் குறிக்கவே இல்லை, நூலறிவைக் குறித்தது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் அதற்குத் தரும் விளக்கம் 'கல்வி, எழுத்தில் தேர்ச்சி' என்பதுதான். ஒருவரைப் பற்றி 'அவரிடம் நிறைய லிட்ரேச்சர் உண்டு' என்று அன்று சொன்னால், வீட்டில் புத்தகம் அதிகம் என்று அர்த்தமில்லை, படித்த மனிதர் என்று அர்த்தம். 18ஆம் நூற்றாண்டு, வாசிப்பவரின் தகுதியாக இருந்த சொல்லை மெல்ல வாசிக்கப்படும் நூல்தொகுதியின் பக்கம் நகர்த்தியது. கவிதை, நாடகம், புனைகதை என்ற இன்றைய குறுகிய பொருள் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. பழைய ஆங்கில உரைநடையைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்திருக்காவிட்டால் வாக்கியம் தடம் மாறிப் புரியும்.

இன்றைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல்லுக்கு மூன்று வேலை உண்டு. கலைத்தன்மை உள்ள எழுத்து என்பது முதல் வேலை. ஒரு துறையில் இதுவரை வெளிவந்த ஆய்வு எழுத்துகள் மொத்தமும் என்பது இரண்டாவது. ஆய்வேட்டில் வரும் 'லிட்ரேச்சர் ரிவ்யூ' இந்த வகை. மருந்து நிறுவனமோ கட்சியோ அச்சிட்டுத் தரும் துண்டறிக்கைகளும் விளக்கத் தாள்களும் மூன்றாவது. இதில் இரண்டாவதைத்தான் மொழிபெயர்ப்பில் அதிகம் கெடுக்கிறோம். சர்க்கரை நோய் பற்றிய ஆய்வேட்டில் 'இலக்கிய மீளாய்வு' என்று தலைப்பு வைத்தால், குறுந்தொகையில் சர்க்கரை நோய் எங்கே வருகிறது என்று வாசகர் தேடுவார். 'முன்னாய்வுகள்' என்று போட்டால் சிக்கல் இல்லை. உருதுவிலும் இதே கதைதான். அங்கே அதப் என்று போடாமல் 'ஸாபிகா தஹ்கீக் கா ஜாயிஸா', அதாவது முந்தைய ஆராய்ச்சியின் மதிப்பீடு என்று எழுதுவதே தெளிவு.

'லெட்டர்ஸ்' என்ற பன்மையும் கவனிக்க வேண்டியது. 1954இல் தொடங்கிய சாகித்ய அகாதெமி தன் பெயரின் கீழ் ஆங்கிலத்தில் லெட்டர்ஸ் என்ற சொல்லையே இலக்கியத்துக்குப் பயன்படுத்துகிறது. பாகிஸ்தானின் அகாதமி அதபியாத்தும் ஆங்கிலத்தில் அப்படித்தான். அகரவரிசை எழுத்தும் இல்லை, கடிதமும் இல்லை. இலக்கியம் என்பதன் பழைய மரியாதைப் பெயர் அது.

விருந்திலிருந்தும் நடத்தையிலிருந்தும் வந்த சொல்

அதப் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக உருதுவுக்கு வந்தது. அரபியில் இதே வேரிலிருந்து 'மஃதுபா' என்றொரு சொல் உண்டு. விருந்துக்கு அழைத்து உணவு படைப்பது அது. அதபின் ஆதி எது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. விருந்தழைப்பிலிருந்து வந்தது என்பவர் உண்டு, முன்னோர் வழக்கம் என்ற பொருளிலிருந்து வந்தது என்பவரும் உண்டு. எப்படியானாலும் அது முதலில் நன்னடத்தை, பிறகு நன்னடத்தைக்கு வேண்டிய கல்வி, பிறகு அந்தக் கல்வியைத் தரும் எழுத்து என்று படிப்படியாக நகர்ந்தது. 9ஆம் நூற்றாண்டில் இப்னு குத்தைபா என்ற அறிஞர் அரபியில் 'அதபுல் காத்திப்' என்று ஒரு நூல் எழுதினார். எழுத்தர் அறிய வேண்டிய அதப் என்று தலைப்பை விரிக்கலாம். சொல்லைப் பிழையின்றிப் பயன்படுத்துவது, சரியாக எழுதுவது, சரியாக உச்சரிப்பது ஆகியவையே அந்த நூலின் உள்ளடக்கம். அரசாங்க எழுத்தரின் கைநூல் ஒன்று அதப் என்ற பெயரில் வந்ததை அன்று யாரும் வியக்கவில்லை.

இந்த வேரின் குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் உருதுச் செய்தித்தாளே பாதி புரிந்துவிடும். அதீப் என்றால் எழுத்தாளர். அதபி என்றால் இலக்கியம் சார்ந்த. பா-அதப் மரியாதையுள்ளவர், பே-அதப் மரியாதை கெட்டவர். மனுவில் 'முஅத்தபானா குஸாரிஷ்' என்று தொடங்கினால் பணிவான வேண்டுகோள். அலுவலகத்தில் ஒருவர்மீது 'தாதீபி கார்ரவாயி' எடுத்தார்கள் என்று செய்தி வந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை. இலக்கியக் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. பன்மையான 'ஆதாப்' நெடிலில் தொடங்கும். ஹைதராபாத்திலும் லக்னோவிலும் வணக்கம் சொல்வது இதை வைத்துத்தான். 'ஆதாபே மெஹ்ஃபில்' என்றால் அவை நாகரிகம். குறில் நெடிலை மாற்றிவிட்டால் இலக்கியம் வணக்கமாகிவிடும்.

மரியாதையா இலக்கியமா என்று கண்டுபிடிக்க எளிய வழி, அதபுக்கு அடுத்து வரும் வினையைப் பார்ப்பது. 'கர்னா' (செய்தல்) வந்தால் மரியாதை. 'பட்னா' (படித்தல்), 'லிக்னா' (எழுதுதல்) வந்தால் இலக்கியம். 'அதப் ஸே' என்று வந்தால் பணிவோடு. முன்னால் ஓர் அடைமொழி நின்றால் பெரும்பாலும் இலக்கியம்தான்: லோக் அதப் நாட்டார் இலக்கியம், நிஸாயி அதப் பெண்கள் இலக்கியம், முஸாஹமதி அதப் எதிர்ப்பிலக்கியம், தரக்கி பசந்த் அதப் முற்போக்கு இலக்கியம். இந்தக் கடைசிப் பெயர் 1936இல் லக்னோவில் பிரேம்சந்த் தலைமையில் கூடிய எழுத்தாளர் மாநாட்டோடு பரவலானது. குழப்பம் துளியும் வேண்டாம் என்கிற இடத்தில் உருதுக்காரர்கள் 'அதபியாத்' என்பார்கள். அதற்கு மரியாதை என்ற பொருள் கிடையாது. இலக்கியம் என்ற துறை, அதன் நூல்தொகுதி என்பது மட்டுமே.

எழுத்தறிவு என்ற பொருளில் ஆங்கிலத்துக்கும் உருதுக்கும் இடைவெளி இன்னும் தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்தில் லிட்டரசியும் லிட்ரேச்சரும் உடன்பிறப்புகள். உருதுவில் எழுத்தறிவுக்கு 'காந்தகி' என்ற பாரசீகச் சொல். வாசித்தல் என்ற வினையிலிருந்து வந்தது, அதபோடு எந்த உறவும் இல்லை. எழுதும்போது அதில் ஒரு வகர எழுத்து நிற்கும், உச்சரிக்கும்போது வராது. 'ஷரஹே காந்தகி' என்றால் எழுத்தறிவு விகிதம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 7 வயது நிரம்பி, ஏதேனும் ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவரை எழுத்தறிவு பெற்றவர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் படிக்கத் தெரியாத ஒருவர் உருதுவில் முழுமையான பா-அதப் ஆக இருக்க முடியும். லிட்டரேட் என்ற ஆங்கிலச் சொல் அந்த மனிதரை வெளியே நிறுத்திவிடும்.

ஆங்கிலத்துக்கு வாய்மொழி இலக்கியம் என்று சொல்வதே கொஞ்சம் இடறலாக இருப்பதும் இதனால்தான். எழுத்து என்ற வேரை வைத்துக்கொண்டு எழுதாததை எப்படிச் சொல்வது? உருதுக்கு அந்தத் தயக்கம் இல்லை. உருதுவில் ஒரு கவிஞர் கஸல் என்ற கவிதை வகையை எழுதுவதில்லை, 'சொல்கிறார்'. 'கஸல் கஹீ ஹை' என்பதே மரபு. தமிழில் நாம் பா பாடினார், செய்யுள் யாத்தார் என்கிறோமே, அந்த மாதிரி.

கோத்த முத்தும் சிதறிய முத்தும்

செய்யுளுக்கு உருதுவில் 'நஸ்ம்', உரைநடைக்கு 'நஸ்ர்'. அரபி வேரில் நஸ்ம் என்றால் முத்தை நூலில் கோத்தல், நஸ்ர் என்றால் தூவுதல், சிதறவிடுதல். அதே முத்துதான், கோத்தால் செய்யுள், தூவினால் உரைநடை. இதைவிட அழகாக இந்த வேறுபாட்டைச் சொன்ன சொல்லிணை வேறு மொழியில் கிடைப்பது கடினம். ஆங்கிலத்தின் 'வெர்ஸ்' லத்தீனில் திரும்புதல் என்ற வினையிலிருந்து வருகிறது: ஏர் ஓட்டுபவர் சால் முடிந்ததும் திரும்புவது போல, வரி முடிந்ததும் கவிதை திரும்புகிறது. 'ப்ரோஸ்' என்றால் திரும்பாமல் நேரே போவது. நம் யாப்பு கட்டுவதைக் குறிக்கிறது. 'போயம்' கிரேக்கத்தில் செய்யப்பட்டது என்று பொருள்படும். நம் செய்யுளும் செய்யப்பட்டதுதான். நூல் நூற்பது என்ற நம் உவமையை நன்னூல் விரித்துச் சொல்கிறது: சொல்லே பஞ்சு, புலவனே நூற்பவள். லத்தீன் வழிவந்த 'டெக்ஸ்ட்' நெய்தல் என்ற வினையிலிருந்து வந்தது. நாம் நூற்றோம், அவர்கள் நெய்தார்கள்.

நஸ்ம் விஷயத்தில் தொடக்க மாணவர் இரண்டு இடத்தில் ஏமாறுவார். ஒன்று, அது உரைநடைக்கு எதிரே நிற்கும்போது எல்லாச் செய்யுளையும் குறிக்கும். கஸலுக்கு எதிரே நிற்கும்போது ஒரே பொருளில் தொடர்ந்து செல்லும் கவிதையை மட்டும் குறிக்கும். 'அவர் நஸ்ம் எழுதுவார், கஸல் எழுத மாட்டார்' என்ற வாக்கியம் இந்த இரண்டாவது பொருளில்தான் நிற்கிறது. ஆஸாத் நஸ்ம் என்றால் வரி நீளக் கட்டு தளர்ந்த கவிதை, நஸ்ரி நஸ்ம் உரைநடைக் கவிதை. இரண்டாவது, தமிழ் எழுத்து எல்லா வேறுபாட்டையும் காட்டாது. உரைநடையைக் குறிக்கும் நஸ்ருக்கும் வெற்றி, உதவி என்று பொருள்படும் நஸ்ருக்கும் உருது எழுத்தில் நடு எழுத்து வேறு. நாசர் என்ற பெயர் இரண்டாவதின் உறவு. செய்யுள் என்ற நஸ்முக்கோ ஒழுங்குபடுத்துதல் என்ற பொருளும் இருப்பதால் நிஜாம், நாஜிம், இன்திஜாம் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள். ஹைதராபாத் நிஜாமின் பட்டமும் கவிதையைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேர்.

ஒரு ஷேரைப் பிரித்துப் பார்த்தல்

கஸலின் கலைச்சொற்களை விளக்கமாகப் படிப்பதைவிட ஒரு ஷேரைக் கையில் எடுத்துப் பிரிப்பது பலன் தரும். உருதுக் கவிஞர் காலிபின் புகழ்பெற்ற கஸல் இப்படித் தொடங்குகிறது:

ஹஜாரோன் காஹிஷேன் ஐஸீ கி ஹர் காஹிஷ் பெ தம் நிக்லே
பஹுத் நிக்லே மிரே அர்மான் லேகின் ஃபிர் பீ கம் நிக்லே

ஆயிரமாயிரம் ஆசைகள், ஒவ்வொன்றும் உயிரே போய்விடும்படியான ஆசை. என் ஏக்கங்களில் நிறையவே நிறைவேறின, ஆனாலும் குறைவாகவே.

இந்த இரண்டு வரியும் சேர்ந்தது ஒரு ஷேர். ஒவ்வொரு வரியும் ஒரு மிஸ்ரா. மிஸ்ரா என்றால் இரட்டைக் கதவின் ஒரு பலகை. ஷேரை பைத் என்றும் சொல்வார்கள். அதற்கு வீடு என்று பொருள். இரண்டு பலகையும் சரியாக மூடினால்தான் அது வீடு. ஷாயிர், ஷேர், ஷாயிரி எல்லாம் உணர்தல், அறிதல் என்ற வேரில் பிறந்தவை. உணர்வு என்று பொருள்படும் ஷுஊரும் அதே வேர்.

இரண்டு வரியின் இறுதியிலும் மாறாமல் வரும் 'நிக்லே' ரதீஃப். அதற்கு முன்னால் ஒலி ஒத்து வரும் தம், கம் இரண்டும் காஃபியா. முதல் ஷேரில் மட்டும் இரு வரியிலும் இவை வரும். அப்படிப்பட்ட ஷேருக்கு மத்லா என்று பெயர். அடுத்த ஷேர்களில் இரண்டாவது வரியில் மட்டும் வந்தால் போதும். இந்தக் கஸலில் அவை தம்-ப-தம், ஹம் என்று தொடர்கின்றன. கடைசி ஷேரில் கவிஞர் தன் புனைபெயரை வைப்பார். அந்தப் புனைபெயருக்கு தகல்லுஸ், அந்த ஷேருக்கு மக்தா. தமிழ்ச் செய்யுளில் எதுகை வரியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் நிற்பதால், நம் காது இயல்பாக வரியின் தலையைத் தேடும். உருதுவில் காதை வால் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். நம் இயைபுத் தொடையோடு ஒப்பிட்டால் ரதீஃப் சட்டென்று பிடிபடும்.

ரதீஃப் மாறாமல் வருவதால் சலிப்புத் தட்டாதா என்று கேட்பவர், 'நிக்லே' இங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். நிகல்னா என்றால் வெளியே வருதல். தம் நிகல்னா என்றால் மூச்சு வெளியேறுதல், உயிர் போதல். அர்மான் நிகல்னா என்றால் ஏக்கம் தீர்தல். கம் நிக்லே என்றால் எண்ணிப் பார்த்தால் குறைவாகத் தேறின. பின்னால் வரும் ஹம் நிக்லே என்றால் நாம் வெளியே வந்தோம். ஒரே வினை, இடத்துக்கு இடம் வேறு வழக்கு. மொழிபெயர்ப்பாளருக்கு இது பெரிய இடி. தமிழில் ஒரே வினையை வைத்து இத்தனையையும் கொண்டுவர முடியாது. பொருளைக் காப்பாற்றி ரதீஃபை விட்டுவிடுவதே நேர்மை. ரதீஃபுக்காகப் பொருளை வளைப்பவரின் மொழிபெயர்ப்பில் காலிப் காணாமல் போய்விடுவார்.

சந்தத்துக்கு பஹர் என்று பெயர். இந்தக் கஸலில் ஒரு குட்டை அசை, மூன்று நீள அசை என்ற அமைப்பு வரிக்கு நான்கு முறை வருகிறது. முதல் வரியை ஹ-ஜா-ரோன்-கா, ஹி-ஷேன்-ஐ-ஸீ, கி-ஹர்-கா-ஹிஷ், பெ-தம்-நிக்-லே என்று பிரித்துத் தொடையில் தட்டிப் பாருங்கள். ஹ, ஹி, கி, பெ நான்கும் குட்டை. தம், நிக், ஹர் போன்று ஒற்றடுத்த குறில்கள் நீளமாகக் கணக்காகின்றன. தமிழ் யாப்பில் தனிக்குறிலும் நேரசை, தனி நெடிலும் நேரசை. உருதுவில் அப்படிக் கொள்ள முடியாது. அசைகள் பற்றிய நம் பழக்கத்தை அப்படியே கொண்டுபோனால் ஒரு வரிகூட அளவுக்கு வராது.

கஸல்களின் தொகுப்பு தீவான். சமஸ்தானத்துத் திவானும் இதே சொல்தான். பதிவேடு, பதிவேடு வைக்கும் அலுவலகம், அதன் அதிகாரி என்று கிளைத்தது. தீவானில் கஸல்களை அடுக்குவது முதல் எழுத்தை வைத்து அல்ல, வரி முடியும் எழுத்தை வைத்து. மேலே பார்த்த கஸலை ஹகர வரிசையில் தேடினால் கிடைக்காது. 'நிக்லே' முடியும் 'யே' என்ற கடைசி எழுத்தின் கீழே தேட வேண்டும். முழுத் தொகுதிக்கு குல்லியாத், தேர்ந்தெடுத்த தொகுதிக்கு இன்திகாப். செய்தித்தாளில் இன்திகாபாத் என்று பார்த்தால் அது தேர்தல். வேர் ஒன்றே, தேர்ந்தெடுத்தல்.

கதைப் பக்கம்

உரைநடைக் கதைகளில் சொற்கள் அவ்வளவு சிக்கலில்லை. தாஸ்தான் நீண்ட சாகசக் கதை. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் தாஸ்தானே அமீர் ஹம்ஸாவை 46 தொகுதிகளாக வெளியிட்டது என்பதிலிருந்து அளவைப் புரிந்துகொள்ளலாம். 'நாவில்' என்பது ஆங்கிலத்தின் நாவல்தான். 1869இல் நஸீர் அஹ்மத் எழுதிய மிராத்துல் உரூஸை உருதுவின் முதல் நாவல் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அஃப்ஸானா பழங்காலத்தில் கட்டுக்கதை, இன்று சிறுகதை. பழைய நூலில் அந்தச் சொல் வந்தால் சிறுகதை என்று மொழிபெயர்க்கக் கூடாது. ஆங்கில 'ஃபிக்ஷன்' களிமண்ணைப் பிசைந்து உருக்கொடுத்தல் என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பொய் என்று அதைக் குறுக்குவதைவிட, மாலை புனைதலையும் கதை புனைதலையும் ஒன்றாகச் சொல்லும் நம் 'புனைவு' பொருத்தம்.

கட்டுரைக்கு உருதுவில் பல பெயர். மஸ்மூன் பொதுக் கட்டுரை, மகாலா ஆய்வுக் கட்டுரை, இன்ஷாயியா மனம் போன போக்கில் செல்லும் இலகுவான கட்டுரை. மஸ்மூன் கவிதை விமர்சனத்தில் வந்தால் கட்டுரை அல்ல, ஷேரின் கருத்து. திறனாய்வுக்கு தன்கீத். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் நக்த் அதன் உறவு. 1893இல் ஹாலி எழுதிய முகத்தமாயே ஷேரோ ஷாயிரி உருதுக் கவிதைத் திறனாய்வின் தொடக்க நூலாக மதிக்கப்படுகிறது. அதற்கு வெகுமுன்னரே வேலூரில் பிறந்த பாகர் ஆகாஹ் (1745–1806) நம் பக்கத்திலிருந்து தக்கனி எனும் தென்னாட்டு உருதுவில் எழுதியிருக்கிறார். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் முஷாயிரா எனும் கவியரங்கம் இன்றும் நடப்பதால், தமிழ்நாட்டு மாணவருக்கு இந்தச் சொற்களைக் காதால் கேட்கும் வாய்ப்பு தொலைவில் இல்லை.

படிக்கும்போது ஒரு சொல் பிடிபடாவிட்டால், பிளாட்ஸ் 1884இல் வெளியிட்ட உருது அகராதியைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லின் முன்னாலும் அரபியா, பாரசீகமா, இந்தி மொழியா, சமஸ்கிருதமா என்று ஓர் எழுத்துக் குறி இருக்கும். அரபி என்று இருந்தால் அதன் மூன்று வேர் எழுத்தை மட்டும் தனியே எடுத்துத் தாளில் எழுதுங்கள். அதே மூன்று எழுத்து வேறெந்தச் சொல்லில் வருகிறது என்று தேடுங்கள். அதப், அதீப், தாதீப் மூன்றும் ஒரே பக்கத்தில் இருக்காது. மூன்றையும் நீங்கள்தான் ஒரு தாளில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.